புதுப்பிப்பு: வெரோனாவில் தவறிய இணைப்பு ரயிலுக்கு இழப்பீடு கிடைத்தது

மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வெனிஸுக்குப் போகையில், முதல் ரயில் தாமதமானதால் வெரோனா போர்ட்டா நுவோவா நிலையத்தில் இணைப்பு ரயிலைத் தவறவிட்டு, நானும் என் மனைவியும் முதுகுப்பைகளோடு நின்றபடி, புதுச் சீட்டு வாங்க வேண்டுமா, வேறு வழி உண்டா என்று இங்கே கேட்டிருந்தோம். உடனுக்குடன் பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

புதுச் சீட்டு வாங்க வேண்டாம் என்ற யோசனைதான் கைகொடுத்தது. இரு சீட்டுகளையும் ஒரே ரயில் நிறுவனத்திடம் ஒரே தடவையில் வாங்கியிருந்ததால், 2023 ஜூன் முதல் நடப்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமை குறித்த 2021/782 ஒழுங்குமுறைப்படி அவை ஒரே பயணமாகக் கருதப்பட்டன. (தனித்தனி ஒப்பந்தம் என்று சீட்டிலேயே அச்சிட்டு, வாங்கும்முன் தெரிவித்தும் இருந்தால் இது பொருந்தாது, அதை முதலில் பாருங்கள்.) நிலைய முகப்பு மேசையில் இருந்த பெண்மணி சீட்டின் பின்புறம் தாமதத்தைப் பேனாவால் எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ரயிலில் ஏறச் சொன்னார். அந்த முத்திரையைப் படமெடுத்து வைத்தது இழப்பீட்டு விண்ணப்பத்தில் பெரிதும் உதவியது.

வெனிஸ் சாந்தா லூச்சியா நிலையத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக அடைந்ததால் கட்டணத்தில் 50 விழுக்காடு கிடைத்தது. ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் 25 விழுக்காடுதான்.

எதிர்பாராதது ஒன்று: நிறுவனம் முதலில் பணத்துக்குப் பதில் வவுச்சர் அனுப்பியது. பணமாகக் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு என்பதைச் சுட்டிக்காட்டி மறுமடல் எழுதிய பின், இழப்பீட்டுத் தொகை முழுவதும் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது.