புதுப்பிப்பு: இருவரும் சேர்ந்து பார்க்கப் பழைய தொடர், கடைசியில் எது ஒத்துவந்தது

ஒருவருக்குத் துப்பறியும் கதை, மற்றவருக்கு நகைச்சுவை. தம்பதியாகச் சேர்ந்து பார்க்க எந்தப் பழைய தொடர் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, 'ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதையாக உள்ள தொடரை எடுங்கள்' என்ற யோசனைதான். ஒருவர் பாதியில் தூங்கிவிட்டாலும் மறுநாள் முன்கதை சொல்ல வேண்டியதில்லை. 'மாறி மாறித் தேர்வு செய்யுங்கள்' சரிவரவில்லை. தன் முறை இல்லாதவர் கைபேசிக்குள் போய்விடுகிறார்.

தொடங்கியது 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர். 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தமே 12 எபிசோடுகள், ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம். பிடிக்காவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. அடுத்து 'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடர். கொலை செய்தது யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். எப்படி மாட்டுகிறார் என்பதே கதை. அழுக்குக் கோட்டுக்காரரான துப்பறிவாளர் கொலம்போ கிளம்புவதுபோல் போய்த் திரும்பிவந்து 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று கேட்பதில் நகைச்சுவைப் பிரியரும் விழுந்துவிட்டார். ஆனால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஓடும். வார நாளுக்கு ஆகாது.

எதிர்பாராதவை இரண்டு. அடுத்துப் பார்த்த 'ட்விலைட் ஸோன்' (1959–64), விசித்திரமான தனிக்கதைகள் கொண்ட அமெரிக்கத் தொடர், அரை மணி நேரத் தொடர்தான், ஆனால் நான்காம் சீசனின் 18 எபிசோடுகள் மட்டும் ஒரு மணி நேர அளவு, இழுக்கிறது, தாண்டிவிட்டோம். இன்னொன்று, முகங்கள் எல்லாம் அகலமாகத் தெரிந்தன. பழைய படம் 4:3 அளவு (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்); டிவி அதை 16:9க்கு இழுத்துக்கொண்டிருந்தது. பட அளவு அமைப்பை 'ஒரிஜினல்' என்று மாற்றியதும் சரியானது. இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், அது கோளாறு அல்ல.