147573952589676412927: பி−1 முறையில் காரணி தனியாகப் பிரிய மாட்டேன் என்கிறது

வணக்கம். 2^67 − 1 என்ற இந்த 21 இலக்க எண்ணைப் பொலார்டின் பி−1 முறையில் (பகாக் காரணியில் ஒன்றைக் கழித்தால் வருவது சிறு பகா எண்களாகவே உடையுமானால் அந்தக் காரணியைப் பிடிக்கும் முறை) உடைக்க முடியவில்லை. விடை ஊரறிந்ததுதான்: 193707721 × 761838257287. 1903-லேயே கணிதவியலாளர் கோல் காட்டியது. நிரலைச் சோதிக்கத்தான் இதை எடுத்தேன்.

சிறிய காரணியில் ஒன்றைக் கழித்தால் 2^3 × 3^3 × 5 × 67 × 2677. பெரியதில் கழித்தால் 2 × 3^2 × 29 × 67 × 2551 × 8539. ஆக, வரம்பு (அடுக்கில் சேர்க்கும் பகா எண்களின் உச்சம்) 2677-ஐத் தொட்டதும் சிறியது மட்டும் விழ வேண்டும். பெரியது 8539 வரை அசையக் கூடாது.

நடப்பது வேறு. வரம்பு 66 வரை மீ.பொ.வ. (2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்ததற்கும் இந்த எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி) 1. அடுக்கில் 67 சேர்ந்த அந்த நொடியே மீ.பொ.வ. முழு எண்ணாகவே வந்து நிற்கிறது. இடையில் எதுவும் இல்லை.

பைத்தான் 3, உபுண்டு, அடிமானம் 2. ஒவ்வொரு பகா எண்ணையும் வரம்புக்குள் அடங்கும் உச்ச அடுக்கு வரை ஏற்றுகிறேன். கடைசியில் ஒரேயடியாக மீ.பொ.வ. எடுக்காமல் ஒவ்வொரு பகா எண்ணுக்குப் பிறகும் எடுத்துப் பார்த்தாயிற்று, அதே கதை. இலக்கம் எங்கும் துண்டாகவில்லை, முழு எண் கணக்குதான். அதே நிரல் 540143-ஐ வரம்பு 7-இல் 421 × 1283 என்று அழகாகப் பிரிக்கிறது. ஆனால் 2^29 − 1 கொடுத்தால் (233 × 1103 × 2089) 29-இல் மூன்றும் சேர்ந்தே விழுகின்றன. தற்செயல் என்று நம்ப முடியவில்லை.

2677 வரை காத்திருக்க வேண்டிய காரணி, 67-லேயே மற்றதையும் கூட்டிக்கொண்டு வருவது ஏன்?