ஸ்டோக்சே: கம்பளி வியாபாரி கட்டிய வீடு

இங்கிலாந்தின் பெரிய கோட்டைகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள். எனக்கு மனதில் நிற்பது ஷ்ராப்ஷயரில் உள்ள ஸ்டோக்சே. கிரேவன் ஆர்ம்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

பெயரில் கோட்டை என்று இருந்தாலும் இது அரணிட்ட மேனர் வீடுதான், அதாவது நிலவுடைமையாளர் ஒருவரின் மாளிகை. கட்டியவர் பிரபு இல்லை. லட்லோ ஊரைச் சேர்ந்த லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி. மன்னர்களுக்கே கடன் கொடுக்கும் அளவுக்குப் பணக்காரர். 1281இல் இந்த இடத்தை வாங்கினார். மதிலுக்கு அரண் அமைக்க 1291இல் முதலாம் எட்வர்டிடம் அனுமதி பெற்றார். மூன்றே ஆண்டுகளில், 1294இல், கம்பளி ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்கி இறந்துபோனார்.

உள்ளே பெருங்கூடத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கூடத்தின் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. அவ்வளவு அகலக் கூரையையும் பிரமாண்டமான வளைந்த மரங்களே தாங்குகின்றன. இவை 13ஆம் நூற்றாண்டு மரங்கள். ஒரு மூலையில் ஏறும் படிக்கட்டும் அதே காலத்தது, ஒவ்வொரு படியும் முழு மரத்திலிருந்து வெட்டியது. இங்கே புகைபோக்கி கிடையாது. தரையின் நடுவே எண்கோண அடுப்பு மேடை, அவ்வளவுதான். புகை கூரை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஜன்னல்களிலும் அன்று மேல்பாதிக்கு மட்டுமே கண்ணாடி, கீழே வெறும் மரக்கதவு. ஷ்ராப்ஷயர் குளிரில் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது!

கூடத்திலிருந்து வீட்டுக்காரரின் மேலறைக்கு உள்வழியே இல்லை. வெளியே வந்து முற்றத்துப் படி ஏற வேண்டும். ஆனால் அந்த அறைச் சுவரில், கணப்புக்கு இரு பக்கமும், சிறு திறப்புகள் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகக் குனிந்து பார்த்தேன், கூடம் முழுக்கத் தெரிந்தது. கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று முதலாளி மேலிருந்தே கண்காணித்திருக்கலாம். கணப்பின் மேல் இருக்கும் மரச்செதுக்கு வேலை மட்டும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழைய வண்ணத்தின் மிச்சம் அதில் இன்னும் தெரிகிறது.

இவ்வளவும் எப்படித் தப்பியது? மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1645இல், இங்கிருந்த மன்னர் தரப்பினர் பெரிய சண்டை நடக்காமலே சரணடைந்தார்கள். மதில்தான் பிற்பாடு இடிபட்டது. அப்புறம் வீடு பண்ணைக்குப் போனது, கூடம் களஞ்சியமானது. வசதியானவர்கள் யாராவது தொடர்ந்து குடியிருந்திருந்தால் காலத்துக்கேற்ப மாற்றிக் கட்டியிருப்பார்கள். 1869இல் வாங்கிய ஆல்க்ராஃப்ட் குடும்பம் மாற்றிக் கட்டாமல் பழுது மட்டும் பார்த்தது, அதுதான் பெரிய விஷயம். இப்போது பழைய சின்னங்களைக் காக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு பராமரிக்கிறது.

போகிறவர்கள் மஞ்சள் நிற வாயில் வீட்டை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். அதன் மரத்தில் ஆதாம், ஏவாள் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் தேவாலயத்தையும் பாருங்கள். போரில் சேதமாகி, மன்னர் தரப்பு தோற்று நாட்டில் மன்னரே இல்லாத 1654இல் திரும்பக் கட்டியது. அந்த ஆண்டுகளில் கட்டிய தேவாலயங்கள் இங்கிலாந்தில் மிகவும் குறைவு.