புதுப்பிப்பு: அப்பாவின் தலை தொங்கியதற்குக் காரணம் தெரிந்தது

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: பார்க்கின்சன் (நடுக்குவாதம்) உள்ள அப்பாவுக்குத் தலை முன்பக்கம் தொங்கி, தாடை நெஞ்சில் இடிக்கிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"புதிதாக மாத்திரை ஏதும் சேர்த்தார்களா, தேதியைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் கைகொடுத்தது. பழைய சீட்டுகளைப் புரட்டினேன். பார்க்கின்சனுக்கு ஏற்கெனவே சாப்பிட்டுவந்த லெவோடோபாவோடு பிராமிபெக்சோல் என்ற மாத்திரையைச் சேர்த்த ஏழாவது வாரமே கழுத்து சாய ஆரம்பித்திருக்கிறது. நரம்பியல் டாக்டரிடம் காட்டியதும், பிராமிபெக்சோல் போன்ற டோபமைன் அகோனிஸ்ட் (மூளையில் டோபமைன் போலவே வேலை செய்யும்) வகை மருந்தில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார். சட்டென்று நிறுத்தினால் பதற்றம், வியர்வை, மனச்சோர்வு வரலாமாம். அதனால் ஐந்து வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, லெவோடோபாவைக் கொஞ்சம் கூட்டினார். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக மாத்திரையில் கைவைக்காதீர்கள்.

மாத்திரை நின்றும் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஒருநாள் காலை, டம்ளரைத் தூக்கி அண்ணாந்து காபி குடித்தார். அதுவரை ஸ்பூன்தான், அதிலும் பாதி சட்டையில். இப்போதும் முழுசாக நிமிரவில்லை. சாயங்காலம் களைத்தால் மறுபடி சாய்கிறது.

பலர் சொன்ன கழுத்துப்பட்டை எங்களுக்கு ஒத்துவரவில்லை. இரண்டாம் நாளே தாடைக்கடியில் புண்.

எதிர்பாராதது ஒன்று: அப்பா ராத்திரியெல்லாம் போனில் டார்ச் லைட்டாக ஆர்டர் போட்டுக் குவித்துக்கொண்டிருந்தார் (வீட்டில் பதினொன்று கிடக்கிறது), அதுவும் நின்றுவிட்டது. அதுவும் அந்த மாத்திரையின் வேலையாம். வயசுக் கோளாறு என்று அம்மா திட்டிக்கொண்டிருந்தாள்.