மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடு: இடிப்பதா, மாற்றிக் கட்டுவதா?

வடக்குமாசிக்காரன் (கேள்வி)

மதுரையில் வடக்கு மாசி வீதிக்கும் வடக்கு ஆவணி மூல வீதிக்கும் இடையே ஓடும் சந்து ஒன்றில் எங்கள் தாத்தா காலத்து வீடு இருக்கிறது. பதினான்கடி அகலம், உள்ளே போகப் போக எழுபது அடியைத் தாண்டும். திண்ணை, நடை, வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி அறைகள், பின்கட்டில் கிணறு என்று இந்தப் பகுதியில் பிறந்தவர்களுக்குப் பழகிய அமைப்புதான். திண்ணையின் ஒரு பாதியைப் பெயர்த்தெடுத்து, செல்போன் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். மறுபாதியில் அந்தக் கடைக்கு வருபவர்கள் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். மரத்தூணில் ஆணி அடித்துக் கம்பி இழுத்துச் செல்போன் உறைகளைத் தொங்கவிட்டிருக்கிறார் கடைக்காரர். அதே தூணின் தலைப்பில் செதுக்கியிருக்கும் வாழைப்பூவுக்குக் கீழே பணம் செலுத்தும் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. மாடியறை ஒரு பாத்திர வியாபாரிக்குச் சரக்கு வைக்கும் கிட்டங்கி. பின்கட்டில் அம்மா மட்டும் இருக்கிறார்.

அப்பா காலமான பிறகு பாகப்பிரிவினைப் பேச்சு வந்திருக்கிறது. மொத்தமாக இடித்துவிட்டு, கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களை நம்பி லாட்ஜ் கட்டலாம் என்று தம்பிகள் இருவரும் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல என்னிடம் தக்க வாதம் இல்லை. சிமெண்டுத் தரையைப் பெயர்த்து மொசைக் போட்டவர் தாத்தா. குரங்குக்குப் பயந்து முற்றத்துக்கு மேல் கம்பி வலை அடித்தவரும், கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவந்தவரும் அப்பா. திண்ணையை வெட்டியது நாங்கள். “இதில் எந்தக் காலத்து வீட்டைக் காப்பாற்றச் சொல்கிறாய்?” என்று சின்னத் தம்பி கேட்கிறான்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் இப்படி வீட்டை மாற்றிக் கட்டியவர்கள், இடித்தவர்கள், விற்றுவிட்டுப் போனவர்கள் யாரேனும் இங்கே இருந்தால் உங்கள் கருத்தை எழுதுங்கள். வீட்டில் எதை நிறுத்திக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்பதுதான் என் கேள்வி.

சுண்ணாம்புச்சாந்து

தம்பி, மனத்தாங்கலைப் பிறகு பேசலாம். முதலில் அளவைப் பேசிவிடுவோம். மீனாட்சியம்மன் கோயிலின் வெளிமதிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997ஆம் ஆண்டிலேயே அரசாணை இருக்கிறது. உங்கள் சந்து அந்த எல்லைக்கு நன்றாக உள்ளேயே வருகிறது. ஆகவே தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடிகளும்தான் உங்களுக்குக் கிடைக்கும். பதினான்கடி அகலத்தில் படிக்கட்டு, லிப்ட், நடைவழி ஆகியவற்றைக் கழித்தால், மீதியில் அறைக்கு ஒரு கழிப்பறை வைத்து எத்தனை அறை தேறும் என்று தம்பிகளைக் காகிதத்தில் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். ‘மேலே போய்க்கொள்ளலாம்’ என்று கட்டுமானக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம். விதியை மீறிய கட்டடத்துக்கு நோட்டீஸ் வரும்போது, பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓட வேண்டியிருக்கும்.

அடுத்தது பொதுச்சுவர். அந்தச் சந்துகளில் வீடுகள் ஒட்டியே நிற்கின்றன. பல இடங்களில் இரு வீட்டு உத்தரக் கட்டைகளும் ஒரே சுவரின் இரு பக்கங்களிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு வீட்டை மொத்தமாக இறக்கினால் அடுத்த வீட்டுச் சுவர் தாங்கலின்றி நிற்கும். இடிக்கும் செலவைக் கணக்கிடும்போது, பக்கத்து வீடுகளுக்கு முட்டுக் கொடுக்கும் செலவையும், அவர்களோடு வரக்கூடிய வழக்கையும் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

உங்கள் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் என்று நாங்கள் சொல்லும் வகையாக இருக்கும். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். கலவையில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்ப்பது வழக்கம். இது ஒழுகத் தொடங்கினால் தளம் போய்விட்டதென்று பொருளில்லை. பெரும்பாலும் தட்டோட்டு இடுக்குகள் திறந்திருக்கும், அல்லது சுவரில் புதைந்திருக்கும் கட்டை நுனி உளுத்திருக்கும். இரண்டையும் சரிசெய்ய முடியும். சரிசெய்ய முடியாமல் போவது எப்போதென்றால், ஒழுகுகிறதே என்று அவசரப்பட்டு அதன் மேல் கனமாகச் சிமெண்டுத் தளம் போட்டு, கட்டைகள் தாங்க வேண்டிய பாரத்தைக் கூட்டிவிடும்போதுதான்.

சுவருக்கும் இதுவே பொருந்தும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கவும் செய்யும், வெளியே விடவும் செய்யும். அதன் மேல் சிமெண்டுப் பூச்சு ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இடுப்பளவு உயரத்துக்குப் பெயர்ந்து விழும். பழைய வீட்டில் ஓதம் அடிக்கிறது என்று குறைப்படுகிறவர்களின் வீட்டில் முதலில் அந்தப் பூச்சைத் தட்டிப் பார்ப்பேன்.

ஒன்று மட்டும் உங்கள் கையில் இல்லை. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, பல சந்துகளில் வாசற்படிகள் மண்ணுக்குள் போய்விட்டன. ஐப்பசி அடைமழையில் தெருத்தண்ணீர் நடைக்குள் வருகிறதா என்பதைச் சொல்லுங்கள். அது தெரியாமல் மேற்கொண்டு சொல்வது சரியாக இருக்காது.

புதூர்வாசி

மேலே எழுதியிருப்பவரின் தொழிலறிவை மதிக்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். மேல மாசி வீதிக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டை விற்றுவிட்டுப் புதூருக்கு வந்தவர்கள் நாங்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நெஞ்சுவலி வந்த பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சந்து முனைவரை தூக்கி வந்து ஆம்புலன்ஸில் ஏற்றிய குடும்பம் எங்களுடையது. வாசலில் நிறுத்தும் இருசக்கர வண்டிக்காக அன்றாடம் சண்டை, கீழே கிட்டங்கி என்பதால் இரவில் சரக்கு இறக்கும் சத்தம். இவற்றோடு வாழ்பவர்களிடம், விடுமுறைக்கு வந்து படம் எடுத்துப் போகிறவர்கள் ‘பாரம்பரியத்தை இடிக்காதீர்கள்’ என்று சொல்வது எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது.

இந்த ஊர் எப்போது இடிக்காமல் இருந்திருக்கிறது? 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்ததால்தானே வெளிவீதிகள் நமக்குக் கிடைத்தன! அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இருக்கின்றன; இடித்தவருக்கு நன்றியாக நட்ட விளக்குத்தூண் இன்னும் நிற்கிறது. நாயக்கர் அரண்மனையின் மிச்சமான பத்துத்தூண், ஜவுளிக்கடைகளுக்கு நடுவே சந்தாகிவிட்டது. ஆசியாவிலேயே பெரியது என்று நாம் பெருமை பேசிய தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் பல மாடி ஜவுளிக்கடை நிற்கிறது. அங்கே படம் பார்த்தவர்களே தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறார்கள். வடக்கு ஆவணி மூல வீதியில் காய்கறிச் சந்தை நடந்த இடம் இன்று பல அடுக்கு வாகன நிறுத்துமிடம். அது சந்தையாகவே இருந்திருந்தால் உங்கள் சந்துக்குள் இன்னும் நூறு வண்டிகள் நின்றிருக்கும்.

ஆகவே அம்மாவின் வசதியை முதலில் பாருங்கள். அவர் அங்கேயே இருக்க விரும்புகிறாரா என்பதை உங்கள் பதிவில் நீங்கள் எழுதவே இல்லை.

மகால்பக்கத்துப்பெண்

அண்ணா, இரண்டு பெரியவர்களும் கட்டடத்தைப் பற்றியே பேசிவிட்டார்கள். நான் அதற்குள் நடக்கும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். திருமலை நாயக்கர் மகாலுக்கு அருகில் எங்கள் பாட்டி வீடு. சௌராஷ்டிரக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் தெரு. பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போட்டவர். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போவார். சாயத்தில் தோய்த்துக் காயவைத்து முடிச்சைப் பிரித்தால், சாயம் ஏறாத புள்ளியும் அதைச் சுற்றிக் கசிந்த மெல்லிய வளையமும் தெரியும். அந்த வளையம்தான் கைவேலைக்கு அடையாளம். அச்சடித்த துணியில் புள்ளி வட்டமாக வெட்டினாற்போல் இருக்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் கடைகளில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த விலைக்கு அதைத்தான் தர முடியும்.

எங்கள் வீட்டில் சித்தி இப்போதும் முடிச்சுப் போடுகிறார். அதே திண்ணையில் புடவையை விரித்து வைத்து நான் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். வெளியூர் வாடிக்கையாளர்கள் வளையம் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம் கேட்பார்கள். திண்ணைக்கு வரும் பக்கவாட்டு வெளிச்சத்தில் அது தெளிவாக விழுகிறது, ட்யூப்லைட்டில் விழுவதில்லை. ஆக, எங்கள் திண்ணை தப்பித்ததற்குக் காரணம் பாசம் என்று சொல்ல மாட்டேன், அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. அந்தத் தெருவில் வேலை நின்றுபோன வீடுகளில் திண்ணை முதலில் போயிற்று, பிறகு வீடும் போயிற்று.

புதூர் அண்ணாச்சி சொன்ன பட்டியலில் சேராத இரண்டு இடங்களும் இருக்கின்றன. ரயில் நிலையத்தின் அருகிலுள்ள விக்டோரியா எட்வர்டு மன்றத்தைப் பாருங்கள். பகலில் வாசகசாலை, மாலையில் ரீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் என்று ஒரே கட்டடத்தை இரண்டு கூட்டம் பங்குபோட்டுக்கொண்டது. மற்றொன்று புதுமண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபத்தில், கல்தூண்களுக்கு நடுவே தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் பாத்திரக் கடைகளும் நிறைந்திருந்தன. சிற்பத்தின் காலடியில் தையல் இயந்திரம் ஓடிய அந்தக் காட்சி இனி இல்லை. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு அது நல்லதுதான். 2018இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைப்பகுதியிலிருந்து தீ பரவியதைப் பார்த்த பிறகு, மாற்றியது தவறு என்று என்னால் வாதாட முடியவில்லை. ஆனால் பாவாடைக்குத் துணி எடுத்து, அளவு கொடுத்துவிட்டு, தைத்து முடிப்பதற்குள் அம்மனைக் கும்பிட்டு வந்துவிடும் பழக்கம் அந்த இடத்தோடு பிறந்தது. இடம் மாறினால் பழக்கமும் கொஞ்சம் சிதறத்தான் செய்யும்.

அதனால், உங்கள் வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் பார்த்து, ‘இது இப்போது என்ன வேலை செய்கிறது?’ என்று கேளுங்கள். மொசைக்கும் கம்பி வலையும் எந்தக் காலத்தவை என்று தம்பியோடு வழக்காட வேண்டாம். திண்ணை வாடகை தருகிறது. மாடிக் கிட்டங்கி வாடகை தருகிறது, ஆனால் பாத்திரப் பாரம் அந்தக் கட்டைகளுக்கு ஆகுமா என்று சுண்ணாம்புச்சாந்து ஐயாதான் சொல்ல வேண்டும். முற்றத்தை அடைத்தால், ஒட்டிய வீடுகளுக்கு நடுவே உள்ள அத்தனை அறைக்கும் பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரும்.

வடக்குமாசிக்காரன்

மூவருக்கும் நன்றி. புதூர்வாசி கேட்டது சரியான கேள்வி. நேற்றிரவு அம்மாவிடம் கேட்டேன். கோயில் மணி கேட்கிற தூரத்தை விட்டு வரமாட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ, மருந்துக்கடையும் காய்கறி வண்டியும் காபிப்பொடிக் கடையும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கின்றன, புறநகருக்குப் போனால் ஒவ்வொன்றுக்கும் உங்களில் ஒருவனைக் கெஞ்ச வேண்டும் என்றார். மேல்நாட்டுக் கழிப்பறையும் நடையில் பிடித்து நடக்க ஒரு கைப்பிடிக் குழாயும் போட்டுத் தந்தால் போதுமாம்.

தம்பிகளிடம் 9 மீட்டர் கணக்கை வரைந்து காட்டினேன். பெரிய தம்பி பின்வாங்கிவிட்டான். சின்னவன், முன்பக்கத்து இரண்டு அறைகளையும் மாடியையும் செப்பனிட்டு வெளியூர்க்காரர்களுக்கு நாள்வாடகைக்கு விடலாம், பின்கட்டு அம்மாவுக்கு இருக்கட்டும் என்கிறான். எனக்கும் அது ஏற்புடையதாகவே இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் நாளில் எங்கள் வீட்டில் எப்படியும் முப்பது பேர் படுத்து எழுவார்கள். அன்றைக்கு மட்டும் அறை கிடையாது என்று முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடலாம்.

ஐயா, மழைத்தண்ணீர் நடைவரை வருகிறது. மூன்று படிகளில் ஒன்றுதான் மிச்சம். கிட்டங்கிக்காரர் வாடகை தருபவர் அல்ல, மொத்தமாகப் பணம் கொடுத்து ஒத்திக்கு இருப்பவர்; அவரைக் காலிசெய்யச் சொன்னால் ஒத்திப்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வேலையை எங்கிருந்து தொடங்குவது?

சுண்ணாம்புச்சாந்து

கிட்டங்கியிலிருந்து தொடங்குங்கள். தரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டை பாவிய மாடி, ஆள் படுத்துறங்கும் பாரத்துக்குப் போட்டது. பித்தளை அண்டாக்களை அடுக்குவதற்குப் போட்டது அன்று. ஒத்திப்பணத்தை உடனே புரட்ட முடியாவிட்டால், சரக்கை அறையின் நடுவிலிருந்து சுவரோரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். கட்டைகளின் நடுப்பகுதி வளைவது குறையும். சுவரில் கட்டை நுழையும் இடங்களை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றியாக வேண்டும். இடித்த வீடுகளின் பழைய தேக்கு விலைக்குக் கிடைக்கும்.

தண்ணீருக்கு, வாசலில் வரம்பு எழுப்புவது ஓரளவுக்குத்தான் உதவும். நடையின் தரையை அரையடி உயர்த்தினால், முற்றத்து நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கும். முற்றத்து நீரைப் பின்கட்டுக் கிணற்றுக்குத் திருப்பி, வண்டலை நிறுத்த நடுவில் ஒரு வடிகட்டுத் தொட்டி வையுங்கள். தெருப்பக்கம் போகும் பழைய சாக்கடை வாயை அடைத்துவிடலாம். கழிப்பறைத் தொட்டி கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்.

மேல்தள வேலையைத் தை பிறந்த பிறகு வையுங்கள். அடைமழை ஓய்ந்திருக்கும், பங்குனி வெயிலும் வந்திராது. சுண்ணாம்புத் தளம் மெதுவாக இறுக வேண்டும். ஈரச்சாக்குப் போட்டு மூடாமல் விட்டால் வெடித்துவிடும். சிமெண்டு வேலை மட்டும் பழகிய கொத்தனார், சாந்தில் ஒரு சட்டி சிமெண்டு சேர்த்தால் சீக்கிரம் பிடிக்கும் என்று கட்டாயம் சொல்வார். அப்போது நீங்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.