பரண்ல வவ்வா, தையில கல்யாணம்... புகை போடலாமா?

ரேழிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம், தாத்தா கட்டுன ஓட்டு வீடு, நடுவுல முத்தம், ரேழிக்கு மேல பலகை அடிச்ச பரண். நான் சென்னையில வேலை, அம்மா மட்டும்தான் ஊர்ல. ரெண்டு வருஷமா பரண்ல வவ்வா அடையுது, மொதல்ல நாலஞ்சுதான் இருந்துச்சு, இப்ப சாயங்காலம் ஆனா கும்பலா கெளம்புது, நாத்தம் தாங்கல, பலகை இடுக்கு வழியா புழுக்கை சாப்பாட்டுத் தட்டுல விழுதுங்கறாங்க அம்மா. தையில தங்கச்சி கல்யாணம், அதுக்குள்ள வெள்ளையடிச்சாகணும். ஊர்ல ஒருத்தரு கந்தகப் புகை போட்டா ஒரே நாள்ல காலின்னு சொல்லி நாலாயிரம் கேக்குறாரு. போடலாமா? கேஸு கீஸு ஆயிடுமா? ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கணும்.

பச்சத்தவளை:
பாச்சா உருண்டை ஒரு கிலோ வாங்கி பரண்ல கொட்டுங்க ப்ரோ, வேலை முடிஞ்சுது.

மன்னார்குடி கொத்தனார்:
பாச்சா உருண்டைல்லாம் வேண்டாம் தம்பி, ஒரு வீட்ல போட்டுப் பாத்தாச்சு, வவ்வா அந்த மூலைலேந்து இந்த மூலைக்கு நவுந்துச்சு அவ்ளோதான், அந்த வீட்டுப் பாட்டிக்குத்தான் தலைவலி. கந்தகம் அதைவிட மோசம், பழைய பலகை, தேங்கா நாரு, எலி சேத்து வச்ச வைக்கோலுன்னு பரண் முழுக்க காஞ்சு கெடக்கும், ஒரு பொறி பட்டா வீடே போயிடும். புகையில செத்தது கைமரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவுல சிக்கிக்கிட்டா அந்த நாத்தத்தோடதான் கல்யாணம் நடக்கும்.

மொதல்ல என்ன வவ்வான்னு பாருங்க. கீழ கெடக்குற புழுக்கை ஒண்ணை குச்சியால நசுக்குங்க, கையால வேண்டாம். எலிப்புழுக்கைன்னா களிமண்ணு மாதிரி கெட்டியா அமுங்கும், வவ்வா புழுக்கை பொலபொலன்னு உதுந்து உள்ள பூச்சி றெக்கை மினுமினுன்னு தெரியும். அது பூச்சி தின்ற சின்ன வவ்வா. கீழ தவளைக் காலு, பல்லி வாலு, அந்துப்பூச்சி றெக்கைன்னு சிதறிக் கெடந்தா அது பெரிய காது வவ்வா. வாதாங்கொட்டையை சப்பிப் போட்டுருந்தா அது பழந்தின்னி, அது பெரும்பாலும் பரணுக்குள்ள வராது, போர்ட்டிகோவோடயும் மரத்தோடயும் நின்னுக்கும்.

ரேழிக்காரன்:
அண்ணே அம்மாவை வீடியோ கால்ல வச்சு பாத்துட்டேன், உதுந்துடுச்சு, மினுமினுங்குது. அப்ப சின்னதுதான். சட்டம் என்ன சொல்லுதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

கொள்ளிடக்கரை:
1972 வன உயிரினப் பாதுகாப்பு சட்டத்துல பழந்தின்னி வவ்வாலை எலி, காக்காவோட சேத்து தொல்லை தர்றதுங்க லிஸ்ட்ல வச்சிருந்தாங்க, அதனாலதான் நம்ம ஆளுங்க இன்னும் ‘வவ்வாலை அடிச்சா யாரு கேக்கப் போறா’ன்னு பேசுறாங்க. 2022ல சட்டத்தைத் திருத்தி அந்த லிஸ்டையே எடுத்துட்டாங்க, 2023 ஏப்ரல் 1லேந்து அமல். பெரிய பழந்தின்னி இப்ப ரெண்டாவது அட்டவணையில, அதாவது பாதுகாக்கப்பட்ட உயிரினங்க லிஸ்ட்ல இருக்கு. உங்க வீட்டு சின்ன வவ்வா பத்தி வனத்துறை ரேஞ்சர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க. எந்த வவ்வாவா இருந்தாலும் சித்ரவதை பண்ணிக் கொன்னா 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கு. கொல்லாம தானா வெளில போக வச்சு ஓட்டையை அடைக்கிறதுதான் வம்பில்லாத வழி. இன்னொண்ணு, குருத்துப்பூச்சி அந்தையெல்லாம் ராத்திரி நம்ம வயல்ல புடிச்சுத் தின்றது இந்தச் சின்னதுங்கதான், சம்பா போட்டவங்களுக்கு அது தெரியும்.

மன்னார்குடி கொத்தனார்:
இவரு சொல்றது சரி. செய்யிற முறை சொல்றேன். ரெண்டு மூணு சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெளில நாற்காலி போட்டு உக்காந்து எந்த ஓட்டை வழியா வருதுன்னு பாருங்க, ஓட்டை ஓரம் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி கறுப்பா படிஞ்சிருக்கும். நம்ம கட்டைவிரல் நுழையாத இடுக்குல கூட அது நுழைஞ்சிடும், அதனால முகட்டு ஓடு, சுவரும் ஓடும் சேர்ற இடம் எல்லாம் பாக்கணும். வவ்வா வர்ற ஓட்டையை விட்டுட்டு மத்ததை மொதல்ல அடைங்க. வவ்வா வர்ற அந்த ஓட்டையில ரெண்டு இஞ்ச் பிவிசி பைப்பு ஒரு முழம் செருகி, வெளி நுனியில மெல்லிசு பிளாஸ்டிக் பையை அடி வெட்டி உறை மாதிரி கட்டித் தொங்க விடுங்க. உள்ளேந்து சறுக்கி வெளில வரும், திரும்பி நுழைய வந்தா பை மூடிக்கும். ஒரு வாரம் விட்டுட்டு அப்புறம் பைப்பை உருவி காரை வச்சு அடைங்க. அடைமழை பெய்யிற வாரத்துல வைக்காதீங்க, அது வெளிலயே கெளம்பாது.

மறக்காம ஒண்ணு. பெருசுங்க கெளம்பின பொறவு டார்ச்சுல செவப்பு கண்ணாடித்தாள் சுத்தி பரணை எட்டிப் பாருங்க. குட்டி இருந்தா இப்ப பைப்பு வைக்கக் கூடாது, தாய் வெளில மாட்டிக்கும், குட்டி உள்ளயே செத்துரும்.

ரேழிக்காரன்:
நேத்து சித்தப்பா ஏறிப் பாத்தாரு. வளைமரத்துல ரோமமே இல்லாத குட்டி ஏழெட்டு ஒட்டிக்கிட்டு கெடக்காம் 😞 அம்மா உடனே ‘அதுங்களை ஒண்ணும் பண்ணாதடா, புள்ளைத்தாச்சி சாபம் வேண்டாம்’னு ஆரம்பிச்சுட்டாங்க.

கும்மோணம் டாக்டரம்மா:
அம்மா சொல்றதை கேளுங்க, ஒரு அஞ்சாறு வாரம் பொறுங்க, அதுக்குள்ள சின்ன வவ்வா குட்டியெல்லாம் பறக்கும். அதுவரைக்கும் பலகைக்கு அடியில தார்ப்பாய் கட்டிடுங்க, தட்டுல விழாது. யாரும் வெறுங்கையால தொடாதீங்க, கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஜிஎச் போங்க, சின்னக் கீறல்தானேன்னு விடாதீங்க. எச்சத்தை காஞ்ச மேனிக்கு கூட்டவே கூடாது, அந்தத் தூசியில வர்ற பூஞ்சை நுரையீரலைப் புடிக்கும். தண்ணி தெளிச்சு நனைச்சு, என்95 மாஸ்க், கையுறை போட்டு வழிச்சு எடுங்க.

பச்சத்தவளை:
வவ்வா வீட்டுக்கு வவ்வா வந்தா நீயும் தொங்கு நானும் தொங்குன்னு, மாப்ள வீட்டுக்காரங்களையும் தொங்கச் சொல்லுங்க 😂

ரேழிக்காரன்:
அப்டேட்: கார்த்திகையில மழை விட்ட ஒரு வாரம் பாத்து பைப்பு வச்சோம். மொத நாள் சித்தப்பா திண்ணையில உக்காந்து எண்ணுனாரு, நாப்பத்தி மூணு. அஞ்சாம் நாள் ஒண்ணு கூட வரல, எட்டாம் நாள் ஏறிப் பாத்து அடைச்சுட்டோம். எச்சம் மட்டும் ரெண்டு உர மூட்டை, அம்மா யாருக்கும் தரல, தென்னைக்காம். நாத்தம் மட்டும் பலகையில இன்னும் லேசா இருக்கு, சுண்ணாம்பு அடிச்சா போயிடுமா அண்ணே?

மன்னார்குடி கொத்தனார்:
பலகையை கழுவி ரெண்டு நாள் நல்ல வெயிலு பட்ட பொறவு அடிங்க தம்பி, ஒரு கோட்டு பத்தாது. பத்திரிகை அனுப்புங்க.