ஏப்ரலில் பாங்காக்: கைடு வேலை பார்ப்பவனுக்கு ஒரு லீவு யோசனை சொல்லுங்கள்

பூனைத்தவம் (மார்ச் 3)

வணக்கம். மாமல்லபுரத்தில் 19 வருஷமாக கைடு. நவம்பர் தொடங்கி மார்ச் வரை மூச்சுவிட நேரமிருக்காது. அர்ச்சுனன் தபசு முன்னால் நின்று (பகீரதன் தபசு என்பவர்கள் சண்டைக்கு வரவேண்டாம்) பின்னங்காலில் நின்று தவம் செய்யும் அந்தப் பூனையையும் காலடியில் எலிகளையும் காட்டி, ஒரே ஜோக்கை நாளைக்கு நாலு தடவை சொல்வேன். ஏப்ரல் வந்தால் பாறை சுடும், குரூப் வருவது குறைந்துவிடும்.

இந்த வருஷம் வீட்டம்மாவோடு ஐந்து நாள் வெளியூர் போக ஆசை. ஏதாவது ஒரு திருவிழா இருக்கவேண்டும், பெரிய நகரமாகவும் இருக்கவேண்டும். கடல் வேண்டாம், அது வாசலிலேயே இருக்கிறது. வீட்டம்மா போட்ட கண்டிஷன் வேறு: எந்தத் தூணைப் பார்த்தாலும் நான் வாயைத் திறக்கக்கூடாது.

பாங்காக்கில் ஏப்ரல் 13, 14, 15 சொங்க்ரான் (தாய்லாந்துப் புத்தாண்டு, தண்ணீர் ஊற்றி விளையாடும் திருவிழா) என்கிறார்கள். நம் வருஷப்பிறப்பும் அதில் வந்துவிடுகிறது. ஆனால் வீட்டம்மா சுத்த சைவம், தலையில் தண்ணீர் பட்டால் சைனஸ் வேறு. போகலாமா? தனியாகச் சுற்றலாமா, டூர் எடுக்கவா? (டூர் எடுக்கச் சொன்னால் சிரிப்பேன்.)

சீலோம்வாசி (மார்ச் 3)

தாராளமாக வாங்க அண்ணே. எட்டு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். சொங்க்ரான் என்ற பேரே நம் சங்கராந்திதான். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கூட்டம் இன்னும் கூடிவிட்டது மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

தண்ணீர்ச் சண்டைக்கு சீலோம் சாலையும் காவ்சான் சாலையும். காவ்சானில் பாட்டுச் சத்தம் காது கிழியும், அண்ணிக்கு வேண்டாம். சீலோமில் சாலா டேங் பறக்கும் ரயில் நிலையத்தின் மேல்நடைபாதையில் நின்றால் கீழே நடக்கிற கூத்தையெல்லாம் நனையாமல் பார்க்கலாம். கீழே இறங்கினால் நனையாமல் திரும்ப முடியாது, "எனக்கு வேண்டாம்" என்று கையாட்டுவதெல்லாம் எடுபடாது. போனுக்கு கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறை கட்டாயம்.

சாப்பாட்டில் மீன் சாஸ் இல்லாத பண்டமே கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடை தேடுங்கள், 'ஜே' என்று சொல்லுங்கள். அங்கே மீன், முட்டை எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டு கூட கிடையாது. முடியாவிட்டால் நம் இந்தியர்கள் கடை வைத்திருக்கும் பஹுராத் பக்கம் வந்துவிடுங்கள், சப்பாத்தியாவது கிடைக்கும்.

மிளகாய்பஜ்ஜி (மார்ச் 4)

நான் வேண்டாம் என்பேன். நாங்கள் போனபோது எங்களுக்குப் பிடித்துப்போன சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பூட்டு. உள்ளூர்க்காரர்கள் பாதிப்பேர் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள், நம் பொங்கலுக்கு சென்னை காலியாகிற மாதிரிதான். வடக்கே சியாங் மாய் நகரத்துக்கு ரயில் டிக்கெட் கேட்டேன், சிரித்தார்கள். அந்த ஒரு வாரத்தை அவர்களே 'ஆபத்தான ஏழு நாள்' என்கிறார்கள், ரோட்டில் விபத்து அவ்வளவு. நவம்பரில் லோய் கிரதோங் போங்கள். ஆற்றில் விளக்கு விட்டுவிட்டு நிம்மதியாக வரலாம்.

பூனைத்தவம் (மார்ச் 4)

நவம்பரில் நான் பூனையோடு இருப்பேன் நண்பரே. பாங்காக்கை விட்டு நகராமல் இருந்தால் சரிதானே? டிக்கெட் போட்டுவிட்டேன், 11 இரவு கிளம்புகிறோம்.

பூனைத்தவம் (ஏப்ரல் 20)

போய் வந்துவிட்டோம். கேட்டவன் வந்து சொல்லவேண்டும் என்பது என் கொள்கை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் நாளே அரண்மனை மதிலோரம் ஒருவர், வெள்ளைச்சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. "இன்றைக்கு விசேஷம், ஒரு மணி வரை மூடியிருக்கும். என் நண்பனுடைய டுக்டுக்கில் மூன்று கோயில் பாருங்கள், 20 பாட் போதும்." அதாவது கடைசிக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தினக் கடை இருக்கும். எனக்குக் கோபமே வரவில்லை, தொழில் மரியாதைதான் வந்தது. கமிஷன் எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டேன். மனிதர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், அப்புறம் அடுத்த ஜோடியிடம் போய்விட்டார்.

வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். கூட்டமெல்லாம் முகத்தருகே முட்டிக்கொள்கிறது. குரூப் கூட்டிப் பழகியவனுக்கு எங்கே இடம் இருக்கும் என்று தெரியுமே, நேராகப் பாதத்துக்குப் போனோம். உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். என் நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். பின்பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணம். வீட்டம்மா சில்லறை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார். டிங், டிங் என்று அந்த மண்டபம் முழுக்க அந்தச் சத்தம்தான். எண்பது சொச்சத்தில் காசு தீர்ந்துவிட்டது, முன்னால் நின்ற தாய்லாந்துப் பையன் தன் கிண்ணத்திலிருந்து அள்ளிக் கொடுத்தான்.

கண்டிஷனை ஒரே இடத்தில் மீறினேன். வாட் சுத்தாட் கோயில் எதிரே சாவ் சிங் சா, சிவப்புத் தேக்கில் 21 மீட்டர் உயர ஊஞ்சல் கால்கள். முதன்முதலில் நட்டது 1784-இல், மன்னர் முதலாம் ராமா காலத்தில். 1935 வரை அதில் ஊஞ்சல் கட்டி ஆள் ஆடினார்கள். ஆடுவது இப்போது இல்லை, ஆனால் அந்த விழாவின் பெயர் திரியம்பாவாய் திரிபாவாய். திருவெம்பாவை, திருப்பாவை! பக்கத்துத் தேவஸ்தானத்துப் பிராமணர்கள் இன்றும் அதை ஓதுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு எப்படி ஐயா வாயை மூடிக்கொண்டு இருப்பது? பதினைந்து நிமிஷம் பேசினேன். முடிவில் வீட்டம்மா கைப்பையிலிருந்து 20 பாட் எடுத்து டிப்ஸ் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

14-ஆம் தேதி காலையில் சீலோம் மாரியம்மன் கோயில். நம்மவர்கள் கட்டிய கோயில், ஆனால் தேங்காயும் சாமந்தி மாலையும் ஏந்தி நின்றவர்களில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள். வெளியே வந்து சந்துப் பக்கம் திரும்பினோம். ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வெள்ளிக் கிண்ணத்தில் மல்லிகை மிதக்கும் தண்ணீர். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக மண்டியிட்டு, குவித்து வைத்த அவர் கையில் கொஞ்சமாக ஊற்றினார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வீட்டம்மாவைக் கூப்பிட்டு கிண்ணத்தைக் கொடுத்தார்கள். இவரும் மண்டியிட்டு ஊற்றினார். பாட்டி ஈரக் கையால் இவர் தலையைத் தடவி ஏதோ நீளமாகச் சொன்னார். தண்ணீர் நெற்றியில் வழிந்தது, இவர் துடைக்கவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

தெரியாது என்றேன். கைடு தொழிலில் சொல்லக்கூடாத வார்த்தை அது.

மதியம் மேல்நடைபாதையில் நின்று பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. பத்து நிமிஷம் நின்றிருப்போம். "கீழே போகலாம்" என்றவர் வீட்டம்மாதான். 150 பாட்டுக்கு ஒரு பச்சைத் தண்ணீர்த் துப்பாக்கி வாங்கி, முதல் குண்டை என் மீதே போட்டார். யாரோ கன்னத்தில் வெள்ளைச் சுண்ணப்பொடி பூசினார்கள், யாரோ ஐஸ் போட்ட தண்ணீரை முதுகில் கவிழ்த்தார்கள். அந்த வெயிலில் ஐஸ் தண்ணீர் சொர்க்கம்.

மிளகாய்பஜ்ஜி சொன்னதும் உண்மைதான். நாங்கள் குறித்து வைத்திருந்த இரண்டு கடை பூட்டு.

சீலோம்வாசி (ஏப்ரல் 20)

காவ் சே சாப்பிட்டீங்களா? ஏப்ரலில்தான் அதிகம் கிடைக்கும். அண்ணி சைனஸ் எப்படி?

பூனைத்தவம் (ஏப்ரல் 21)

சாப்பிட்டோம். மல்லிகை வாசனைத் தண்ணீரில் ஊறிய சோறு, மேலே ஐஸ். தொட்டுக்கொள்ள வந்ததெல்லாம் இறால் விழுது, அவரால் தொட முடியவில்லை. சோற்றை மட்டும் குடித்துவிட்டு "பழையசோறுக்கு சென்ட் அடிச்சிருக்காங்க, ஒரு சின்ன வெங்காயம் இருந்தா போதும்" என்றார்.

அவருக்கு ஒரு தும்மல் கூட இல்லை. எனக்குத்தான் திரும்பி வந்ததிலிருந்து குரல் போய்விட்டது. இன்று ஒரு பள்ளிக்கூட குரூப், பூனையைக் கையால் காட்டிவிட்டு நிற்கிறேன்.